கரடி கதைச்ச படம்

பெயர் தெரியாது. எந்த நாட்டுப் படமென்றும் தெரியாது.
ஒரு கரடி, தோளில் தபால் பை,
ஒரு ரயில்.
கையில் இருந்தது அவ்வளவுதான்.

கரடி இல்லையடா, நாய் என்றான் அண்ணன், பிரம்டனில் இருந்து.
ரயிலும் இல்லை, கப்பல்.
அவனுக்கு எப்பவும் கப்பல்தான்.
பேர்கனில் இருந்து வதனி சாமத்தில் எடுத்தாள்:
ரயில்தான், எனக்கு வடிவா ஞாபகம்,
தண்டவாளம் இப்பிடி நிலத்திலயும் கிடக்குமோ எண்டு
நான் கேட்டனான்.

கேட்டவள்தான்.
நாங்கள் கண்ட தண்டவாளமெல்லாம்
பங்கருக்கு மேலே குறுக்காகக் கிடந்தது,
அதற்கும் மேலே மண்மூட்டை.

கொழும்புத்துறை, தொண்ணூற்று மூன்று.
ஞானப்பிரகாசத்தார் வீட்டு முற்றம்.
டீவியும் டெக்கும் சைக்கிள் கரியரில் வந்தன,
ஜெனரேற்றர் தள்ளுவண்டியில்.
தலைக்கு ஐந்து ரூபாய், வீட்டுக்கென்றால் அரைப் போத்தல் மண்ணெண்ணெய்.
பெரியாக்களின் மூன்று படத்துக்கு முன்னம்
சின்னனுகளுக்கு ஒன்று,
பார்த்திட்டுப் படுக்கட்டும் என்று.

பனி என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.
ஆனையிறவு உப்பு என்றே நினைத்திருந்தோம்.
உப்புக்குள் புதைந்து புதைந்து
கடிதத்தோடு நடந்தது கரடி.
இருட்டுப்பட்டதும் ஒரு கதவைத் தட்டி
மூக்கடைத்த குரலில் சொன்னது:
"டோர்ச் இருக்குது அம்மா, பற்றிதான் இல்லை."
முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது.

கஸ்தூரியார் வீதியில் எனக்கொரு கடை.
பழைய கசெற்றுகளை டிஸ்க்கில் ஏற்றிக் கொடுப்பேன்.
கலியாணம், சாமத்தியவீடு,
கனடாவுக்கு அனுப்பவென்று எடுத்த செத்தவீடு.
எதையும் கடைசிவரை ஓடவிடுவேன்.
ஆட்கள் சாப்பிட்டுப் போய், பந்தல் முடிந்து,
திரை நீலமாகும் முன்
அழித்து எழுதியதன் வால் சிலவேளை மிஞ்சியிருக்கும்.
ஒரு தாலிகட்டுக்குப் பின்னால்
நாலு செக்கன் வெள்ளை கண்டேன்.
நிறுத்தி, திருப்பி, நிறுத்திப் பார்த்தேன்.
பூஞ்சணம்.

போன கார்த்திகையில் வதனி அனுப்பினாள்.
மகளோடு போன நூலகத்தில்,
சின்னப் பிள்ளைகளின் தட்டில் இருந்ததாம்.
பதினொரு நிமிடம்.
கம்பளி நூலால் செய்த பொம்மைக் கரடி, தபால் பை, ரயில்,
எல்லாம் சரி.
ஒரு புல்லாங்குழல்.
ஒரு சொல் இல்லை.
கதவைத் தட்டுகிறது, கதவு திறக்கிறது,
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது:
எங்கேயோ உப்புக்குள் நடந்த கரடிக்கு
யாழ்ப்பாணத்தில் பற்றித் தடையென்று யார் சொன்னது?
ஜெனரேற்றர் இரைச்சலில் டீவியின் குரல்
எங்கள் ஒருவருக்கும் கேட்டதேயில்லை.
டெக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான் ஒரு பொடியன்,
வாடகைக்காரரின் உதவியாள்.
எந்நேரமும் தடிமன்.

மரியசீலனை பாஷையூர் சந்தையில் கண்டுபிடித்தேன்.
மீன்பெட்டிக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.
கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு
போனை வாங்கினார்.
பதினொரு நிமிடமும் பார்த்தார்.
இடையில் ஒருவர் பாரை என்ன விலை என்று கேட்க
கையைக் காட்டி நிற்கச் சொன்னார்.

முடிந்ததும் திருப்பித் தந்தார்.
"இது இல்லைத் தம்பி.
அந்தக் கரடி கதைக்கும்."

பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்து,
"நீர் ஓவசியர் வீட்டுப் பொடியன் எல்லே,
கொப்பா அண்டைக்கு
அரைப் போத்தல் பிறகு தாறன் எண்டவர்."

மண்ணெண்ணெய் இப்ப என்ன விலை என்று கேட்டேன்.
சொன்னார்.
எண்ணித்தான் வாங்கினார்.